காதுக்குப் பின்னால் ஒரு தீவு

பார்படாசை நான் பார்த்தது
லிகோரியின் இடது காதுக்குப் பின்னால்.
ஆன்டிகுவா வலது தோளில்.
செயின்ட் லூசியாவில் நெட்வொர்க் சரியில்லை,
ஒரு மலை மட்டும்
பாதி ஏறி நின்றுவிட்டது.

அங்கே பகல் பதினொன்று என்றால்
குறும்பனையில் இரவு எட்டரை.
கப்பலின் சலவைக்காரர்களை
மூன்று மணி நேரம் இறக்கிவிடுவார்கள்.
துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு நகைக்கடை,
வாசலில் இலவச வைஃபை.
பிலிப்பைன்ஸ்காரன், கோவாக்காரன்,
இனயத்து வின்சோ, எல்லாரும்
சுவரில் சாய்ந்து வரிசையாக நின்று
அவரவர் வீட்டோடு பேசுவார்கள்.
கடல் அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

"என்ன பாக்க?" என்பான்.
"உன்னத்தான்" என்பேன்.
பார்த்துக்கொண்டிருப்பது
சுவர்மேல் ஏறும் உடும்பை.
பச்சை நிறம், தொண்டையில் தொங்குகிற தாடி.
வாய் தவறி "உடும்பு" என்று சொல்லிவிட்டேன் ஒருநாள்.
துள்ளியதில் போன் மல்லாந்து விழ
முதல்முறையாக முழு வானம் கிடைத்தது.
நம்ம வானந்தான்.

ஒருதரம் திருப்பிக் காட்டேன் என்றால்
சார்ஜ் இல்ல பிள்ளே, என்பான்.
சும்மா மொட்ட வெயிலு, என்பான்.
கடச்சக்க மரம் நிக்கு கேட்டியா,
பறிக்க ஆளில்லாம.
அதை மட்டும் ஆசையாகச் சொல்வான்.

ஓகி அடித்த வருஷம்
அண்ணனின் வள்ளம் திரும்பவில்லை.
ஒன்பதாம் நாள் சொன்னான்:
இனி கடலுக்குப் போனா
இரும்புக்குள்ள இருந்துதான் போவேன்.
போனான்.
பதினாலு மாடி இரும்பு.
அவனுக்கு வாய்த்தது
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே,
ஜன்னல் கிடையாது.
மேலே குளிக்கிறவர்களின் துவாலை
நாளொன்றுக்கு ஒன்பதாயிரம்.

போன வருஷம் அந்தச் சுவரோரம் வந்த
தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரி
திரைக்குள் எட்டிப் பார்த்து
ஹலோ என்றாள்.
அடுப்பில் மரச்சீனி வெந்துகொண்டிருந்தது.
நைட்டியோடு நான்,
கொடியில் பாவாடை, சுவரில் அந்தோணியார்,
எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.
அழகான இடம் என்றாளாம்.
ஒன்றரை நிமிஷம்.
டிக்கெட் எடுக்காமலே
இறங்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

லீவுக்கு வந்தபோது
காலி காப்பித்தூள் பாட்டிலில் மண் கொண்டுவந்தான்.
துவாலையில் ஒட்டி வருவதாம்,
உலர்த்துகிற மிஷினின் சல்லடையில் தங்குவதாம்.
ஆறு வருஷம், பதினோரு தீவு.
இதில் எது எந்த ஊர் என்று கேட்டேன்.
எனக்கு எப்பிடித் தெரியும்,
எல்லாம் ஒண்ணாத்தானே கிடந்து சுத்துது, என்றான்.
ஃபிரிட்ஜ் மேல் வைத்தோம்.
தொட்டால் மாவு போல,
மோந்தால் சோப்பு.

மே மாசம் கள்ளக்கடல் வந்தது.
ரோட்டைத் தாண்டி
மெர்லின் அக்கா வீட்டு மதிலைத் தாண்டி
எங்கள் வாசல்படியை நக்கியது.
சாக்குகளில் மண் அள்ளிக் கட்டினோம்.
கோயிலில் இருந்து பையன்மாரும் வந்தார்கள்.
கடைசிச் சாக்கு நிறையவில்லை.
ஜோஷிகா உள்ளே ஓடி
பாட்டிலைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.
கை ஓங்கிவிட்டேன்.
"அதும் மண்ணுதானம்மா."
சாக்கு ஒரு விரல்கூட உயரவில்லை.
வாயை இறுக்கிக் கட்டி
மற்றதோடு அடுக்கினேன்.
விடிந்து பார்த்தால்
அடியில் இரண்டு வரிசை இல்லை.

நேற்று எட்டரைக்கு அழைத்தான்.
காதுக்குப் பின்னால் புதிதாக ஒரு தேவாலயம்,
சிவப்புக் கூரை, மணியில்லாத கோபுரம்.
கடல் இறங்கியாச்சா?
இறங்கியாச்சு.
பிள்ள உறங்கியாச்சா?
உறங்கியாச்சு.
பாட்டில் இருக்கா, திருப்பிக் காட்டு பாப்பம்.

சார்ஜ் இல்ல, என்றேன்.

சுவரில் செருகிய வயர்
என் தோளுக்குப் பின்னால்
அவனுக்குத் தெரிந்திருக்கும்.